மச்சம்னு பயந்துடாதீங்க, மச்சம்னு விட்டுடாதீங்க

(செஞ்சியில் தாய்மார்களிடையே தோல் நோய் மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

 

நம்ம செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது உங்களுக்குத் தெரியும். ராஜகிரி மேல ஏறி நின்னா எவ்வளவு தூரம் தெரியுதுன்னு ஏறினவங்களுக்குத் தெரியும். தூரத்துல வர்றதை முன்கூட்டியே பார்த்துட்டா, கீழே தயாராக நேரம் கிடைக்கும். இன்னைக்கு நான் சொல்ல வந்ததும் இதேதான். குழந்தையின் உடம்பில் இருக்கிற மச்சங்களில் பெரும்பாலானவை ஒன்றும் செய்யாது. ஒரு சில மச்சங்களை மட்டும் சீக்கிரம் பார்த்துவிட வேண்டும். அந்தச் சிலவற்றுக்கு, முதல் இரண்டு மாதம்தான் முக்கியம்.

ஒரு தாய் காட்டிய படங்கள்

சில வருஷம் முன்னாடி ஒரு தாய் ஏழு மாதப் பெண் குழந்தையோட என்னிடம் வந்தார். குறை மாதத்தில் பிறந்த குழந்தை. மேல் இமையில் செக்கச்செவேல்னு ஒரு கட்டி. அதன் கனத்தில் ஒரு கண் பாதிக்கு மேல் மூடியிருந்தது.

"எப்பம்மா வந்தது?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் போனை எடுத்து நீட்டினார். பிறந்த அன்று எடுத்த படத்தில் இமை சுத்தமாக இருந்தது. பத்தாம் நாள் படத்தில் கொசு கடித்த மாதிரி ஒரு சிவப்புப் புள்ளி. பேர் வைத்த அன்று எடுத்த படத்தில் அது மிளகு அளவு. இரண்டாம் மாதத்தில் நெல்லிக்காயில் பாதி.

"கிரகணத்தன்னைக்கு வெளிய போயிட்டேன், அதனால வந்த மச்சம், தானா மங்கிடும்னு சொன்னாங்க டாக்டர். நானும் காத்திருந்தேன்" என்றார்.

தானா மங்கும் என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. அந்தக் கட்டி சில வருஷத்தில் சுருங்கத்தான் செய்யும். ஆனால் குழந்தையின் கண்ணுக்கு அவ்வளவு நேரம் கிடையாது. பிறந்த முதல் மாதங்களில்தான் மூளை ஒவ்வொரு கண் வழியாகவும் பார்க்கப் பழகுகிறது. ஒரு கண் மூடியே இருந்தால் மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிடும். இதைத்தான் சோம்பல் கண் என்கிறோம். மருந்து கொடுத்ததில் கட்டி குறைந்தது. ஆனால் கண்ணைப் பழக்க, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடி வைக்கும் சிகிச்சையை வருஷக்கணக்கில் செய்ய வேண்டியிருந்தது. இரண்டாம் மாதத்தில் வந்திருந்தால் இவ்வளவு பாடு இருந்திருக்காது.

நான் யாரையும் குறை சொல்ல வரவில்லை. அந்தத் தாயின் போனில் எல்லா விவரமும் இருந்தது. அதை யாரிடம், எப்போது காட்டுவது என்பதுதான் தெரியாமல் போயிற்று.

எது சாதாரணம்?

முதலில் பயப்பட வேண்டாத மச்சங்களைச் சொல்லிவிடுகிறேன்.

இடுப்புக்குக் கீழே, பிட்டத்தில், சில சமயம் முதுகில் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் படலம் தெரியும். நம்ம ஊர்க் குழந்தைகளில் நிறையப் பேருக்கு இது உண்டு. நிறமி தரும் செல்கள் தோலின் ஆழத்தில் தங்கிவிடுவதால் நீலமாகத் தெரிகிறது. பள்ளிக்கூடம் போகும் வயதுக்குள் பெரும்பாலும் மங்கிவிடும். பார்க்கிறவர்கள் அடிபட்ட காயம் என்று நினைத்துவிடலாம். அதனால் பிரசவ ஆஸ்பத்திரியிலேயே சொல்லி, தாய் சேய் நல அட்டையில் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

நெற்றி நடுவில், இமையில், பின்கழுத்தில் வெளிர் சிவப்பாகத் தட்டையாக இருக்கும் திட்டு இன்னொன்று. குழந்தை அழும்போது நிறம் கூடும். முகத்தில் இருப்பது ஒன்றிரண்டு வருஷத்தில் மங்கும். பின்கழுத்தில் இருப்பது அப்படியே தங்கலாம், முடி மறைத்துவிடும். சிகிச்சை வேண்டாம்.

காபி நிறத் திட்டு ஒன்று இரண்டு இருந்தால் கவலை இல்லை. சின்னக் குழந்தைக்கு அரை சென்டிமீட்டருக்கு மேல் அளவில் ஆறு அல்லது அதற்கு மேல் இருந்தால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள். நரம்பு சம்பந்தப்பட்ட ஒரு பிறவிக் கோளாறுக்கு அது அறிகுறியாக இருக்கலாம்.

எதைச் சீக்கிரம் காட்ட வேண்டும்?

முதலாவது, நான் சொன்ன கதையில் வந்த சிவப்புக் கட்டி. பேர் ஹீமாஞ்சியோமா, ரத்தக்குழாய் செல்கள் பெருகி உண்டாகும் கட்டி. புற்றுநோய் இல்லை. பிறக்கும்போது இருக்காது, அல்லது லேசான தடமாக இருக்கும். ஐந்தாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை மிக வேகமாக வளரும். ஐந்து மாதத்துக்குள் பெரும்பாலான வளர்ச்சி முடிந்துவிடும். பிறகு மெதுவாகச் சுருங்கும். பெண் குழந்தைகளுக்கும் குறை மாதக் குழந்தைகளுக்கும் கூடுதலாக வருகிறது.

மார்பிலோ கையிலோ சின்னதாக ஒன்று இருந்தால் டாக்டர் பார்த்துவிட்டு, "கவனிச்சுக்கிட்டே இருப்போம்" என்று சொல்லி அனுப்பலாம். கீழே சொல்வதில் ஏதாவது இருந்தால் காத்திருக்க வேண்டாம்:

- கண், மூக்கு நுனி, உதடு ஆகியவற்றின் மேலோ அருகிலோ இருந்தால்
- தாடை, மோவாய், கழுத்தின் முன்பக்கம் பரவியிருந்தால் (மூச்சுக்குழாயிலும் இருக்க வாய்ப்பு உண்டு)
- முதுகின் அடிப்பாகத்தில் நடுக்கோட்டில் இருந்தால்
- உடம்பில் ஐந்து அல்லது அதற்கு மேல் இருந்தால் (கல்லீரலை ஸ்கேன் செய்து பார்ப்பார்கள்)
- புண்ணாகி ரத்தம் கசிந்தால்

இதற்கு இப்போது நல்ல மருந்து இருக்கிறது. ப்ரோப்ரனலால் என்பது இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் கொடுத்துவந்த பழைய மருந்து. பிரான்ஸ் நாட்டின் போர்தோ நகர மருத்துவர்கள் இதயப் பிரச்சினைக்காக ஒரு குழந்தைக்கு அதைக் கொடுத்தபோது, அந்தக் குழந்தைக்கு இருந்த இந்தக் கட்டியும் சுருங்குவதைக் கவனித்து 2008-ல் எழுதினார்கள். அதன் பிறகு உலகம் முழுக்க சிகிச்சை முறையே மாறிவிட்டது. வழக்கமாக ஆறு மாதம் அல்லது அதற்கு மேல் கொடுப்போம். மேலோட்டமான சின்னக் கட்டிக்கு டிமலால் என்ற சொட்டு மருந்தைத் தடவச் சொல்வதும் உண்டு.

ஆனால் இது மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கிக் கொடுக்கிற மருந்து இல்லை. குழந்தையின் எடை, இதயத் துடிப்பு எல்லாம் பார்த்துத்தான் அளவு சொல்வார்கள். பால் கொடுத்த பிறகுதான் மருந்து தர வேண்டும். குழந்தை பால் குடிக்கவில்லை, வாந்தி எடுக்கிறது, மூச்சு இழுக்கிறது என்றால் அந்த வேளை மருந்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் பேசுங்கள். வெறும் வயிற்றில் கொடுத்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும் ஆபத்து உண்டு.

இரண்டாவது, போர்ட் ஒயின் கறை. பிறக்கும்போதே இருக்கும். தட்டையாக, கருஞ்சிவப்பாக, பெரும்பாலும் முகத்தின் ஒரு பக்கத்தில் இருக்கும். இது மங்காது. குழந்தை வளர வளர இதுவும் பெரிதாகும், வயதானால் தடிக்கும். நெற்றியிலும் மேல் இமையிலும் இருந்தால் கண் அழுத்தமும் வலிப்பும் வரக்கூடும் என்பதால், கண் டாக்டரும் நரம்பியல் டாக்டரும் பார்க்க வேண்டும். இதற்கு லேசர் சிகிச்சை உண்டு. ஒரே தடவையில் தீராது, பல தடவை போக வேண்டும். பலருக்கு நிறம் நன்றாகக் குறையும், எல்லாருக்கும் முழுசா மறையாது. சிறு வயதில் ஆரம்பித்தால் பலன் கூடுதல்.

மூன்றாவது, பிறவியிலேயே இருக்கும் பெரிய கருப்பு மச்சம். சிலதில் முடியும் இருக்கும். உள்ளங்கை அளவுக்கு மேல் பரவியிருந்தால் பிற்காலத்தில் தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பு கொஞ்சம் உண்டு. எடுப்பதா, கவனித்துக்கொண்டே இருப்பதா என்று தோல் டாக்டரும் பிளாஸ்டிக் சர்ஜனும் சேர்ந்து முடிவு செய்வார்கள். எந்த வயதிலும் ஒரு மச்சம் திடீரென்று வளர்ந்தாலோ, நிறம் மாறினாலோ, ரத்தம் கசிந்தாலோ காட்டிவிடுங்கள்.

கன்னத்திலும் கண்ணின் வெள்ளையிலும் நீலச் சாம்பலாகத் தெரியும் ஓட்டா மச்சத்துக்கும் லேசர் உண்டு. நம்ம மாநிறத் தோலில் லேசர் தப்பாக விழுந்தால் கருமையோ வெள்ளைத் திட்டோ தங்கிவிடும். அதனால் தோல் நோய் மருத்துவர் இல்லாத அழகு நிலையத்தில் செய்துகொள்ளாதீங்க.

கிரகணமும் சுண்ணாம்பும்

தாய் எதையோ பார்த்ததாலும், ஆசைப்பட்டதைச் சாப்பிடாததாலும், கிரகணத்தில் வெளியே போனதாலும் மச்சம் வருவதில்லை. போர்ட் ஒயின் கறைக்குப் பெரும்பாலும் காரணம், கரு வளரும்போது ஒரு செல்லில் ஏற்படும் மரபணு மாற்றம் என்று 2013-ல் கண்டுபிடித்துவிட்டார்கள். அது பெற்றவர்களிடமிருந்து வருவதில்லை. தாய் செய்த தப்பு எதுவும் இல்லை. பாட்டிமார்கள் இதை மருமகளிடம் உங்கள் வாயால் சொல்லணும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சுண்ணாம்பும் சோடாவும் குழைத்து வைப்பது, ஆசிட் தொடுவது, ஊதுவத்தியால் சுடுவது, நூல் கட்டுவது எதுவும் வேண்டாம். ரத்தக்குழாய்க் கட்டியில் இதைச் செய்தால் ரத்தம் நிற்காது, தழும்பும் போகாது. போனில் விளம்பரம் பார்த்து வாங்கும் மச்சம் நீக்கும் கிரீமும் அதே ரகம்தான்.

உங்கள் போனால் செய்யக்கூடியது

குழந்தையின் உடம்பில் புதிதாக ஒரு தடம் தெரிந்த அன்றே ஒரு படம் எடுங்கள். பிறகு வாரம் ஒரு முறை, அதே கிழமையில். பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரமாக, ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். பியூட்டி மோடு, ஃபில்டர் கூடாது, சிவப்பை அது மறைத்துவிடும். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்தால் அளவு தெரியும். தேதியை போனே பதிந்துவிடும். டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள், தெளிவு குறையாது. குடும்ப குரூப்பிலும் ஃபேஸ்புக்கிலும் போட்டு ஆலோசனை கேட்க வேண்டாம். அது உங்கள் குழந்தையின் உடம்பு, ஊர் பார்க்கத் தேவையில்லை.

எங்கே காட்டுவது?

கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வரும்போது படத்தைக் காட்டுங்கள். புதன்கிழமை தடுப்பூசிக்குப் போகும்போது டாக்டரிடம் குழந்தையின் துணியைக் கழற்றிக் காட்டுங்கள். ஒன்றரை மாத ஊசிக்கு மேல் தள்ளிப்போடாதீங்க. சந்தேகம் என்றால் 104-க்குப் போன் செய்து கேட்கலாம். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் சிறார் நலத் திட்ட மருத்துவக் குழு 18 வயது வரை பிள்ளைகளைப் பரிசோதித்து, தேவைப்பட்டால் மேல் சிகிச்சைக்கு அனுப்பும்.

செஞ்சி அரசு மருத்துவமனையில் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதித் தருவார்கள். புதுச்சேரி ஜிப்மரும் நமக்குப் பக்கம்தான். லேசர் எல்லா இடத்திலும் இருக்காது. எங்கே போகணும் என்று பரிந்துரைச் சீட்டில் தெளிவாக எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். தாய் சேய் நல அட்டை, ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை கையில் இருக்கட்டும்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. வெறும் அழகுக்காகச் செய்யும் சிகிச்சை காப்பீட்டில் வராது. பார்வை, மூச்சு, உறுப்பைக் காக்கும் சிகிச்சை என்றால் வருமா என்று மருத்துவமனையின் காப்பீட்டு உதவி மையத்திலோ 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணிலோ முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஒரு சின்ன விஷயம். பள்ளியில் அங்க அடையாளம் கேட்பார்கள். சுருங்கி மறையப் போகிற சிவப்புக் கட்டியை எழுதாமல், நிலையான மச்சம் ஒன்றைச் சொல்லுங்கள். எழுதிய மச்சத்தைப் பிறகு எடுக்க வேண்டி வந்தால், சிகிச்சைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

கடைசியாக ஒன்று

1985 முதல் 1991 வரை சோவியத் நாட்டை ஆண்ட கோர்பச்சேவின் நெற்றியில் போர்ட் ஒயின் கறை பெரிதாக இருந்தது. அதோடுதான் உலகத் தலைவர்களுடன் உட்கார்ந்து பேசினார். சிகிச்சை செய்யணுமா என்பது உங்கள் விருப்பம், பிள்ளை வளர்ந்த பிறகு அவர்கள் விருப்பம். ஆனால் கல்யாண வீட்டில் மகளை போட்டோவுக்கு ஒரு பக்கமாகத் திரும்பி நிற்கச் சொல்லாதீங்க. மச்சத்தை விட அந்தச் சொல்தான் பிள்ளைக்கு வலிக்கும்.

நான் சொன்ன அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், கண்ணாடி போட்டுக்கொண்டு. அவள் அம்மா என்னிடம் சொன்னது இதுதான்: "நான் இன்னொரு தாய்க்குச் சொல்லுவேன் டாக்டர், படத்தை எடுத்து வச்சுக்கிட்டு உக்காராத, கொண்டு போய்க் காட்டுன்னு."

நானும் அதைத்தான் சொல்கிறேன். இன்று வீட்டுக்குப் போனதும் குழந்தையைக் குளிப்பாட்டும்போது தலை முதல் கால் வரை ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள்.