வேலை முடிந்த பிறகு கட்டிய தோட்டம்

(யாழ்ப்பாணத்தில் நடைபெற்ற தொழிலாளர் குடும்பங்களின் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



மலையகத்திலிருந்து இரவுப் பயணம் செய்து வந்திருக்கும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கும், வன்னியில் குடியேறி வாழும் எங்கள் மலையக உறவுகளுக்கும், நம்மை வரவேற்று உபசரிக்கும் யாழ்ப்பாணத்துத் தோழர்களுக்கும் என் வணக்கம்.

தொழிலாளர் கூட்டங்களில் தலைவர்களை நினைவுகூருவது வழக்கம். இன்று நான் ஒரு ரோட்டு ஓவர்சியரை நினைவுகூர விரும்புகிறேன். பெயர் நேக் சந்த். வட இந்தியாவில் சண்டிகர் நகரத்தில் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். 90 வயது வரை வாழ்ந்து, 2015 யூன் 12ஆம் திகதி காலமானார்.

அவர் பிறந்தது 1924 டிசெம்பர் 15இல், இன்று பாகிஸ்தானில் இருக்கும் ஒரு சிறு கிராமத்தில். விவசாயக் குடும்பம். 1947இல் இந்தியாவும் பாகிஸ்தானும் பிரிந்தபோது ஊரையும் நிலத்தையும் விட்டு எல்லையைக் கடந்து வந்தார்கள். அது எப்படிப்பட்ட பயணம் என்று இந்தச் சபைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1977இலும் 1983இலும் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்டு வன்னிக்கு வந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். 1995இல் வலிகாமத்திலிருந்து ஒரே இரவில் மூட்டை முடிச்சோடு வெளியேறியவர்களும் இருக்கிறீர்கள்.

பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போனதால் இந்தியப் பஞ்சாபுக்குப் புதிய தலைநகர் தேவைப்பட்டது. லெ கொபுசியே என்ற உலகப் புகழ் பெற்ற கட்டடக் கலைஞர் சண்டிகரைத் திட்டமிட்டார். நகரம் எழுவதற்காக இருபதுக்கு மேற்பட்ட கிராமங்கள் இடிக்கப்பட்டன. நேக் சந்துக்கு அங்கே பொதுவேலைப் பகுதியில் வீதிகளைப் பார்க்கும் வேலை. இடிந்த வீடுகளின் உடைந்த ஓடு, பீங்கான், கழிப்பறைத் தொட்டி, மின்சாரப் பொருட்கள், கண்ணாடி வளையல் துண்டு எல்லாம் அவர் கண்ணில் பட்டன. மற்றவர்களுக்கு அது குப்பை. இடிக்கப்பட்ட ஊரிலிருந்து வந்த அவருக்கு அது வேறு விதமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

1950களின் பிற்பகுதியில், வேலை முடிந்ததும் சைக்கிளில் அந்தப் பொருட்களை ஏற்றிக்கொண்டு நகரத்தின் ஓரத்துக் காட்டுக்குப் போகத் தொடங்கினார். ஆற்றோரத்திலிருந்து விதவிதமான கற்களையும் கொண்டுவந்தார். வெளிச்சத்துக்குப் பழைய டயரை எரித்து, இரவில் வேலை செய்தார். பழைய சைக்கிள் சட்டத்தை எலும்பாக வைத்து, அதன்மேல் சீமெந்துக் கலவை பூசி, அது காயுமுன் வளையல் துண்டுகளையும் பீங்கான் துண்டுகளையும் பதித்தார். ஆண்கள், பெண்கள், குரங்குகள், பறவைகள் என்று நூற்றுக்கணக்கான உருவங்கள் வரிசை வரிசையாக எழுந்தன. ஏறக்குறைய 18 ஆண்டுகள் அது இரகசியமாகவே இருந்தது. யாரும் கேட்கவில்லை, யாரும் சம்பளம் தரவில்லை.

யாழ்ப்பாணத்துத் தோழர்களுக்கு இந்தக் கைவேலை புதிதல்ல. 1990களின் முதற்பாதியில் இங்கே மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. ஜாம் போத்தலில் கொஞ்சம் எண்ணெய் விட்டு விளக்கு எரித்தீர்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்டீர்கள். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினீர்கள். தோட்டத்திலும் அப்படித்தான். உரச் சாக்கு வீட்டில் எத்தனை வேலைக்கு உதவுகிறது, பழைய தகரம் எத்தனை முறை கூரையாகவும் வேலியாகவும் மாறுகிறது என்று லயத்தில் வாழும் ஒவ்வொரு தாய்க்கும் தெரியும்.

இனித்தான் நமக்கு முக்கியமான பகுதி. அந்தக் காடு நேக் சந்தின் சொந்தக் காணி அல்ல. அரசாங்க நிலம், கட்டடம் எழுப்பத் தடை செய்யப்பட்ட இடம். 1975 அளவில் அதிகாரிகளுக்கு விஷயம் தெரியவந்தது. அப்போது தோட்டம் 12 ஏக்கர் வரை பரவியிருந்தது. சட்டப்படி அது அத்துமீறல்: இடித்துத் தள்ளலாம், வேலையையும் பறிக்கலாம். ஆனால் பார்க்க வந்த மக்கள் தோட்டத்தை விட்டுக்கொடுக்கவில்லை. நல்ல அதிகாரிகள் சிலரும் துணை நின்றார்கள். 1976இல் தோட்டம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஓவர்சியராக இருந்தவருக்கு அந்த வேலைக்கே சம்பளம் கொடுத்து, உதவிக்கு 50 தொழிலாளரையும் கொடுத்தார்கள். 1984இல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது.

விருது கிடைத்ததால் ஆபத்து நீங்கிவிடவில்லை. 1990 அளவில் பெரிய மனிதர்களின் வாகனங்களுக்குப் பாதை போட வேண்டுமென்று புல்டோசர் வந்தது. நகர மக்கள் கைகோத்துச் சங்கிலியாக நின்று மறித்தார்கள். 1996இல் அவர் வெளிநாடு போயிருந்த நேரம் பார்த்து ஊழியர்கள் திருப்பி எடுக்கப்பட்டார்கள். காவலில்லாத தோட்டத்துக்குள் புகுந்து சிலைகளை உடைத்தார்கள். அவர் திரும்பி வந்து மறுபடியும் வேலையைத் தொடங்கினார். இன்று அந்தத் தோட்டம் 25 ஏக்கருக்கு மேல். உலகம் முழுவதிலிருந்தும் மக்கள் வந்து பார்க்கிறார்கள்.

தோழர்களே, இந்த வாழ்க்கையிலிருந்து மூன்று விஷயங்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, காணி. லயத்தின் பின்புறம் நாம் மண் சுமந்து, கல் அடுக்கிப் போட்ட மரக்கறித் தோட்டமும் பூந்தோட்டமும் யாருடையவை என்று கேட்டால், கம்பனிக் கடதாசியில் நம் பெயர் இல்லை. 7 பேர்ச் காணி என்ற பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. உறுதி கையில் கிடைத்த குடும்பங்கள் கொஞ்சம்தான். உழைத்து உருவாக்கியவனுக்கு உரிமை உண்டு என்ற நியாயத்தைச் சண்டிகர் மக்கள் பேசி வென்றார்கள். நாமும் விடாமல் பேச வேண்டும்.

இரண்டாவது, ஒற்றுமை. தோட்டத்தைக் கட்டத் தொடங்கியது தனி மனிதர். புல்டோசரை மறித்தது தனி மனிதர் அல்ல.

மூன்றாவது, பெயர். நேக் சந்தின் பெயர் உலகத்துக்குத் தெரியும். அவரோடு கல் சுமந்து, சீமெந்து குழைத்த அந்த 50 பேரின் பெயரை யாரும் சொல்வதில்லை. நம் கதையும் அதுதான். இருநூறு ஆண்டுகளாக மலைகளைத் தோட்டமாக்கியவர்களின் பெயர் எந்தக் கல்லில் இருக்கிறது?

ஆகவே ஒரு வேண்டுகோள். ஊர் திரும்பியதும் ஒவ்வொரு தோட்டத்திலும் கமிட்டித் தலைவரும் இளைஞர்களும் இரண்டு பட்டியல் எழுதுங்கள். ஒன்றில் எந்தக் குடும்பம் எவ்வளவு நிலத்தில், எத்தனை வருடமாகத் தோட்டம் செய்கிறது என்று அளந்து எழுதுங்கள். மற்றதில் தப்பு கட்டுகிறவர், கூடை பின்னுகிறவர், காமன் கூத்துக்கு உடையும் முடியும் செய்கிறவர், தச்சுவேலை தெரிந்தவர் எல்லோரின் பெயரையும் எழுதுங்கள். அவர்களில் வயதானவர்களிடம் முதலில் போங்கள். முதல் பட்டியல் காணிப் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது நம் கையில் இருக்கட்டும். இரண்டாவது பட்டியலை இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்கள்.