சிறுபிள்ளைகளுக்குக் காசு எண்ணப் பழக்குவோம்



ஊருக்குத் திரும்பியிருக்கிறீர்கள். கூரை, கிணறு, காணி என்று எத்தனையோ வேலைகள். இதற்குள் காசு எண்ணுவதைப் பற்றியும் கதைக்க வேண்டுமா என்று நினைப்பீர்கள். முகாமில் அட்டைக்கு அரிசி, பருப்பு, மா கிடைத்தது. அங்கேயே வளர்ந்த ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் பலருக்குக் காசைக் கையாண்ட பழக்கம் குறைவு. இனிமேல் நெருப்புப்பெட்டி வாங்கக் கடைக்கு ஓடப்போவது அவர்கள்தான். மிச்சக் காசு பிழைத்தால் நட்டம் நமது வீட்டுக்கு.

வீட்டிலுள்ள குத்திகளைப் பாயில் பரப்பி, "எது பெறுமதி கூடியது?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். பிள்ளை 2 ரூபாவைத் தொட்டால் ஏசாதீர்கள். நமது பழைய குத்திகளில் 2 ரூபாதான் அகலமாக இருந்தது. 5 ரூபாவும் 10 ரூபாவும் அதைவிடச் சிறியவையாக இருந்தன. 1 ரூபாவிலும் ஒன்றுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு: பழைய வெள்ளி நிறக் குத்தி, பிறகு வந்த சிறிய பொன்னிறக் குத்தி போன்றவை. எல்லாவற்றுக்கும் பெறுமதி ஒன்றே. ஆகவே, பருமனைப் பார்க்காமல் இலக்கத்தைப் பார்க்கப் பழக்குங்கள்.

இதற்குச் சிரட்டையும் புளியங்கொட்டையும் போதும்.

முதலில், ஒரே இலக்கமுள்ள குத்திகளை ஒரே சிரட்டையில் போடச் சொல்லுங்கள்.

இரண்டாவதாக, ஒவ்வொரு குத்திக்கும் முன்னால் அதன் இலக்கத்தின்படி புளியங்கொட்டைகளை வரிசையாக வையுங்கள். 2 ரூபாவுக்கு இரண்டு, 5 ரூபாவுக்கு ஐந்து, 10 ரூபாவுக்குப் பத்து. எந்த வரிசை நீளமோ அந்தக் குத்திக்கே பெறுமதி கூட. பிள்ளை இதைக் கண்ணாலேயே காணும்.

மூன்றாவதாக, மாற்றிப் பாருங்கள். இரண்டு 2 ரூபாவும் ஒரு 1 ரூபாவும் சேர்ந்தால் 5 ரூபா. பிறகு நான்கு 2 ரூபாக்களை ஒரு பக்கமும், ஒரு 10 ரூபாவை மறுபக்கமும் வைத்து, எது கூட என்று கேளுங்கள். குத்திகள் நான்கு என்றாலும் பெறுமதி 8 ரூபாதான்.

கடைசியாகக் கடை விளையாட்டு. 7 ரூபாச் சாமானுக்குப் பிள்ளை 10 ரூபா தரட்டும். "எட்டு, ஒன்பது, பத்து" என்று எண்ணி 3 ரூபா மிச்சம் கொடுங்கள். அடுத்த முறை பிள்ளை கடைக்காரர். இது பழகியபின் உண்மையான கடைக்குக் கூட்டிச் சென்று, மிச்சக் காசை அங்கேயே நின்று எண்ணவிடுங்கள்.

இரண்டு விடயங்களில் கவனம் தேவை. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் குத்தியையும் கொட்டையையும் விழுங்கிவிடலாம். விளையாடி முடிந்ததும் எண்ணி எடுத்து வையுங்கள். மற்றது இன்னும் முக்கியம். காசு மாதிரி மினுங்குகிறது என்று நிலத்தில் கிடக்கும் எந்த உலோகத்தையும் பிள்ளை தொடக்கூடாது. மிதிவெடியும் வெடிக்காத குண்டும் உள்ள மண் இது. "தொடாதே, கிட்டப் போகாதே, பெரியவர்களிடம் சொல்" என்பதைக் காசு விளையாட்டோடு சேர்த்தே சொல்லிக்கொடுங்கள்.

ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். சந்தையில் வியாபாரம் செய்த அம்மம்மா வீட்டில் இருந்தால், அவரைவிடச் சிறந்த ஆசிரியர் வேண்டியதில்லை. இன்று இரவே பாயை விரியுங்கள்.