நிகழ்கால வினையும் எழுத்து மாற்றமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பிள்ளையார்பாளையத்தில் அன்றாடம் வழங்கும் வினைச்சொற்கள் நான்கினை முதற்கண் நோக்கலாம். நெசவாளர் சேலை நெய்கிறார். சாயத் தொழிலாளர் பட்டு நூலைச் சாயத்தில் தோய்க்கிறார். வணிகர் அதனை விற்கிறார். வாங்க வந்தவர் விலை கேட்கிறார். நான்கும் நிகழ்காலம், நான்கிலும் நிற்கும் இடைநிலை ‘கிறு’ ஒன்றே. எனினும் ‘நெய்’ மாறாது நின்றது. ‘தோய்’ ஒரு ககர ஒற்றினை மிகையாகப் பெற்றது. ‘வில்’ என்பதன் லகரம் றகரமாயிற்று. ‘கேள்’ என்பதன் ளகரம் டகரமாயிற்று. பள்ளிப் பிள்ளைகள் ‘விற்க்கிறார்’, ‘கேட்க்கிறார்’ என்று எழுதி மதிப்பெண் இழப்பது இவ்விடத்தேதான்.

இப்பிழை அறியாமையால் மட்டும் விளைவதன்று. வீட்டில் அப்பிள்ளை கேட்பது ‘விக்கிறாரு’, ‘கேக்கிறாரு’, ‘நிக்கிறாரு’ என்னும் ஒலிகளையே. அங்கே ககரம் இரட்டித்தே ஒலிக்கிறது. ஏட்டிலிருந்து றகர ஒற்றையும் வாயிலிருந்து இரட்டைக் ககரத்தையும் எடுத்து இணைத்துவிடுகிறது பிள்ளை. செவி நுட்பமாகக் கேட்டதன் விளைவே அப்பிழை. காரணம் கூறாது சிவப்பு மையால் அடித்துவிடுவது, தன் வீட்டுத் தமிழே பிழையானது என்னும் எண்ணத்தைப் பிள்ளையின் உள்ளத்தில் விதைக்கும். தமிழ் கடினம் என்று ஒதுங்குவோர் பலர்க்கு அவ்வொதுக்கம் இத்தகைய இடங்களில்தான் தொடங்குகிறது.

காரணம் எளியது. மூன்று காலம் உண்டெனத் தொல்காப்பியம் கூறும். ஆநின்று, கின்று, கிறு என நிகழ்கால இடைநிலைகளைத் தொகுத்துரைப்பது நன்னூல். வினைப் பகுதிகளுள் சில இவ்விடைநிலையை மெலிவாக ஏற்கும். சில வலிவாக, ஒற்று மிகுந்து ஏற்கும். ‘செல்’, ‘வெல்’, ‘கொள்’ என்பன மெலிவாக ஏற்பன. ஆதலின் செல்கிறான், வெல்கிறான், கொள்கிறான் என லகர ளகரங்கள் திரியாது நின்றன. ‘நில்’, ‘வில்’, ‘கல்’, ‘கேள்’ என்பன வலிவாக ஏற்பன. ஆதலின் அவை நிற்கிறான், விற்கிறான், கற்கிறான், கேட்கிறான் எனத் திரிந்தன. இவற்றில் றகரமும் டகரமும் தாமே வல்லெழுத்துகள். மிக வேண்டிய வன்மையை அவையே தாங்கிவிட்டமையின் இன்னொரு ககர ஒற்றுக்கு அங்கே இடமில்லை. யகர ரகர ழகர ஒற்றுகளின் பின்னரே மற்றோர் ஒற்று உடன்நிற்கும். தோய்க்கிறார், பார்க்கிறார் என்பன காண்க.

வலிவோ மெலிவோ என்று அறிவதற்கு எளிய வழி எதிர்கால வடிவம். செல்வான், நெய்வார் என வகரம் வரின் மெலிவு. நிற்பான், விற்பார், தோய்ப்பார் எனப் பகரம் வரின் வலிவு. காண்பான், உண்பான், தின்பான் என்பன பகரம் பெற்றும் நிகழ்காலத்தில் காண்கிறான், உண்கிறான், தின்கிறான் என்றே நிற்கும். இவை தனியே நினைவிற் கொள்ளத்தக்கன.

இஃது எழுத்தளவில் நின்றுவிடும் செய்தியன்று. பிள்ளை வளர்கிறது, தாய் வளர்க்கிறாள். நூல் சாயத்தில் தோய்கிறது, தொழிலாளி தோய்க்கிறார். தானாக நிகழ்வதனையும் ஒருவர் நிகழ்த்துவதனையும் ஓர் ஒற்றெழுத்தே பிரித்துக் காட்டுகிறது. அவ்வொற்றை விடுவது உழைத்தவரையே வாக்கியத்திலிருந்து விடுவதாகும்.

பிற மொழியொன்றோடு ஒப்பிடின் இதன் தன்மை மேலும் விளங்கும். இசுபானிய மொழியிலும் நிகழ்கால வினைகளில் எழுத்து மாறும். வெல்லுதலைக் குறிக்கும் ‘வென்செர்’ என்னும் வினை, தன்மை ஒருமையில் ‘வென்சோ’ ஆகும்போது ‘சே’ என்னும் எழுத்து நீங்கி ‘சேட்டா’ என்னும் எழுத்து வரும். பழைய எழுத்தையே வைத்தால் ஓகாரத்தின் முன் அது ககரமாய் ஒலித்துவிடும். ஒலியைக் காக்கவே அங்கே எழுத்து மாறுகிறது. தமிழிலோ ஒலியே திரிகிறது. திரிந்த ஒலியை எழுத்து உண்மையாகப் பின்பற்றுகிறது. இரண்டிடத்தும் எழுத்து செவிக்கே பணி செய்கிறது என்பது நோக்கத்தக்கது.

காஞ்சி மாநகருக்கு இவ்வாராய்ச்சி புதிதன்று. கச்சியப்ப சிவாசாரியார் குமரகோட்டத்தில் கந்தபுராணத்தை அரங்கேற்றுகையில் முதற்சொல்லிலேயே தடை எழுந்தது என்பது வழிவழி வரும் வரலாறு. ‘திகழ்’ என்னும் வினைப் பகுதியும் ‘தச’ என்பதும் புணர்ந்து ‘திகடச’ என்றாவதற்கு விதி யாது என்று அவையினர் வினவினர். சோழநாட்டிலிருந்து வந்த புலவர் ஒருவர் வீரசோழியத்தைக் காட்டித் தடையை நீக்கினார் என்பர். அவ்வரலாற்றில் போற்றத்தக்கது ஒன்றுண்டு. புலவரைப் பிழைபட்டவர் என்று எவரும் விரட்டவில்லை. விதி யாது என்றே கேட்டனர். விதி கிடைத்ததும் ஏற்றனர். பிற்காலத்தே இந்நகரில் வாழ்ந்து காஞ்சிப் புராணம் பாடிய சிவஞான முனிவரும் நன்னூல் விருத்தியுரையைத் திருத்தி விளக்கியவரே.

அவ்வவையினர் புலவருக்குக் காட்டிய பொறுமையை இன்று பிள்ளைகளுக்குக் காட்டுதல் வேண்டும். ‘விற்க்கிறார்’ என்று எழுதிய பிள்ளையிடம், அதன் செவி கேட்டது மெய் என்பதை முதலில் ஒப்புக்கொண்டு, றகரம் ஏன் தனித்து நிற்கிறது என்பதைப் பின்னர் உரைத்தால், அப்பிள்ளை அதனை மறவாது. பாவில் ஓரிழை அறுந்தால் நெசவாளர் பாவையே வெட்டி எறிவதில்லை. அறுந்த இழையைத் தேடி முடிந்து, மேலே நெய்கிறார். தமிழாசிரியர்க்கும் அதுவே வழி.