பதக்கமும் மொழியும்



தேசியத் திரைப்பட விருதுகள் அறிவிக்கப்படும் நாளில், பிற மாநிலங்களில் வாழும் தமிழராகிய நாம் பட்டியலில் முதற்கண் தேடுவது தமிழ்ப் படத்தின் பெயரையே. தாய்மொழிப் பற்றுடையோர்க்கு அஃது இயல்பேயாம். ஆயினும் அந்த ஒரு வரியைப் படித்ததும் பட்டியலை மடித்து வைத்துவிடுவோமாயின், இவ்விருதின் பயனில் பாதியை இழந்தவராவோம்.

1949இல் எஸ். கே. பாட்டீல் தலைமையில் திரைப்பட விசாரணைக் குழு ஒன்று அமைந்து, 1951இல் தன் அறிக்கையை அளித்தது. அதன்பின் 1954இல் அரசாங்கம் பரிசளிக்கத் தொடங்கிற்று. முதல் தங்கப் பதக்கத்தைப் பெற்றது ஆசார்ய அத்ரே இயக்கிய 'சியாம்சி ஆயி' என்னும் மராத்திப் படம். அவ்விழாவிலேயே 'மகாபலிபுரம்' என்ற விவரணப் படமும் தங்கப் பதக்கம் பெற்றது. நம் கடற்கரைச் சிற்பமும் மராத்தித் தாயின் கதையும் ஒரே மேடையில் சிறப்புற்றன.

அடுத்த முறை, மொழிவாரியாக வெள்ளிப் பதக்கங்களும் வழங்கப்பெற்றன. தமிழில் அதனைப் பெற்ற 'மலைக்கள்ளன்' நாமக்கல் கவிஞரின் கதை. அதனை இயக்கிய ஸ்ரீராமுலு நாயுடுவே, அக்கதையை இந்தியில் 'ஆசாத்' என்ற பெயரில் எடுத்தார்.

பரிசுகள் மொழிவாரியாக வகுக்கப்பட்டாலும், கலைஞர்கள் அவ்வெல்லைக்குள் நின்றவரல்லர். தென்னாட்டிலிருந்து முதன்முதலாகக் குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் பெற்ற படம், 1965இல் வெளிவந்த 'செம்மீன்'. தகழியின் மலையாள நாவலுக்கு ராமு காரியாட் திரைவடிவம் தந்தார். வங்காளியரான சலில் சவுத்ரி இசையமைத்தார்.

தமிழுக்கு அப்பெருமை 1990ஆம் ஆண்டுப் படங்களுக்கான விருதில் வாய்த்தது. அப்படம் 'மறுபக்கம்'. நோயுற்ற தந்தையைக் காண மகன் ஊர் திரும்பும் கதை. நம்மில் பலர்க்கு அது புதிதன்று. மூலக்கதையை எழுதிய இந்திரா பார்த்தசாரதி, தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயிற்றியவர். இயக்கிய சேதுமாதவன் பாலக்காட்டு மலையாளி. பின்னர் 2007ஆம் ஆண்டுக்குரிய விருதைப் பெற்ற 'காஞ்சிவரம்' படத்தை இயக்கியவர் பிரியதர்ஷன், அவரும் மலையாளியே. 2020ஆம் ஆண்டுக்குரிய விருதைப் பெற்ற 'சூரரைப் போற்று' படமோ, கர்நாடகத்து கேப்டன் கோபிநாத்தின் வாழ்க்கையைத் தழுவியது. பிற மொழியாளர் துணையின்றித் தமிழ் இப்பரிசுகளை அடைந்திராது.

இவற்றால் நாம் அறிவது யாது? தாய்மண்ணை விட்டு வந்தோர் தமிழுக்கு அயலாராகிவிடுவதில்லை. நம்மிடம் வந்தோரும் அயலாரல்லர்.

பரிசு பெற்ற படங்கள் எல்லாம் எல்லா ஊர்களுக்கும் வந்து சேர்வதில்லை. 1980களில் ஞாயிறு பிற்பகல்களில் தூர்தர்ஷன் பல மொழிப் படங்களை ஆங்கில எழுத்துரையுடன் ஒளிபரப்பிற்று. தமிழின் முறை வரும் வாரத்திற்காகக் காத்திருந்த குடும்பங்கள் பல. காத்திருந்த வாரங்களில் வங்காளத்தையும் கேரளத்தையும் அவை அறிந்துகொண்டன.

அப்பணியை இன்று நம் தமிழ்ச் சங்கங்கள் மேற்கொள்ளலாகாதா? உரியவர்களின் இசைவு பெற்று, ஆண்டுக்கு இரண்டு படங்களைத் திரையிடலாம்: விருது பெற்ற தமிழ்ப் படம் ஒன்று, நாம் வாழும் மாநிலத்தின் படம் ஒன்று. முன்னதற்கு அண்டை வீட்டாரை அழைப்போம். பின்னதை அவர்கள் நமக்கு விளக்கட்டும். தமிழ் எழுத்தறியாது வளரும் நம் பிள்ளைகள், தம் தாய்மொழியைப் பிறர் பாராட்டுவதை நேரிற் கேட்பார்கள். வீட்டில் நாம் சொல்லும் அறிவுரையினும் அது அவர்கள் நெஞ்சில் ஆழப் பதியும்.