உளுந்து வயலில் வைரஸ் பாடம்

அரிமளம் பக்கம் உளுந்து இலை மஞ்சளானால், "உரம் பத்தலை சார்" என்பார்கள் மாணவர்கள். இலை முழுவதும் சீராக வெளுத்தால் அப்படி இருக்கலாம். பச்சையும் மஞ்சளும் திட்டுத்திட்டாகக் கலந்திருந்தால் அது மஞ்சள் தேமல் நோய். காரணம் வைரஸ், பரப்புவது வெள்ளை ஈ. நோய் வந்த செடியைக் குணப்படுத்த மருந்தே இல்லை. யூரியா வாங்கிப் போடுவது வீண் செலவு. அது நம் பிள்ளைகள் வீட்டுப் பணம். தொடக்கத்திலேயே அந்தச் செடிகளைப் பிடுங்கி அழித்துவிட வேண்டும்.

மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவி வயலில் கட்டச் சொன்னேன். மறுநாள் ஒட்டிய ஈக்களை எண்ணினார்கள். எட்டாம் வகுப்புக்குக் கணக்குப் பாடமும் அங்கேயே முடிந்தது!

நம் மாவட்டத்து வம்பன் தேசியப் பயறு ஆராய்ச்சி மையம் தந்த வம்பன் 8 உளுந்து இந்நோயைத் தாங்கும். விதை வாங்கும் முன்பே வீட்டில் சொல்லச் சொல்லுங்கள்.