கவுண்டி ஆபீஸின் கதவு



அமெரிக்காவில் விவசாயிக்கு சர்க்கார் உதவி உண்டா? தாராளமாக உண்டு. கவுண்டி என்பது நமது தாலுகா மாதிரி. அங்கே விவசாய இலாகாவின் ஆபீஸில் ஒரு மேஜையில் கடனும் நிவாரணமும், அடுத்த மேஜையில் மண் பாதுகாப்பு. அரித்துப் போகும் நிலத்தைப் பயிரிடாமல் புல்லோ மரமோ வளர்த்தால், 10 முதல் 15 வருஷம் வரை சர்க்காரே வாடகை தரும். இது 1985-ல் வந்த திட்டம்.

ஆனால் முதலில் பண்ணை நம்பர் வேண்டும். நம்பருக்கு நிலப் பத்திரம் வேண்டும். முடிச்சு இங்கேதான் விழுகிறது. தெற்கு ராஜ்யங்களில் கறுப்பு விவசாயிகள் பலர், பாட்டன் உயில் எழுதாமல் விட்டுப்போன நிலத்தை உழுகிறவர்கள். தனிப் பத்திரத்துக்கு எங்கே போவார்கள்? வேறு தஸ்தாவேஜுகளையும் ஏற்கலாம் என்று சட்டம் சொல்ல 2018 வரை ஆயிற்று!

இது பழைய கதை. 1933-ல் பருத்திச் சாகுபடியைக் குறைக்க சர்க்கார் பணம் கொடுத்தது. பணம் நிலச்சுவான்தார் கைக்குப் போயிற்று. வாரதாரின் பங்கைப் பலர் விழுங்கினார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்களை நிலத்தைவிட்டே விரட்டினார்கள். மறுவருஷம் ஆர்கன்ஸாவில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே குத்தகை விவசாயிகள் சங்கத்தில் சேர்ந்தார்கள். நிறவெறி தாண்டவமாடிய அந்த மண்ணில் இது சாமான்யமான காரியமா?

கடன் மனுக்களில் நிறபேதம் காட்டியதாகக் கறுப்பு விவசாயிகள் தொடுத்த வழக்கு 1999-ல் ராஜியாயிற்று. ஜெயித்தவர்களில் பெரும்பாலோருக்குத் தலைக்கு 50,000 டாலர். அதற்குள் எத்தனையோ பேரின் நிலம் பறிபோய்விட்டது.

வாய்ப்பேச்சாக விரட்டியதற்கு ருசு ஏது? அதனால்தான் 2014-ஆம் வருஷச் சட்டத்தில் ஒரு ஷரத்து வந்தது: உதவி கேட்டு வருகிற விவசாயிக்கு ஆபீஸ் ரசீது கொடுத்தாக வேண்டும். எந்தத் தேதியில் வந்தார், என்ன கேட்டார், என்ன பதில் கிடைத்தது என்று எழுத்தில்.