கல்லில் வெட்டிய படுக்கை

இன்று பட்டம் பெறும் செவிலிய மாணவ மாணவியரே,

செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வருகிறவர்களில் பலர் நம் தொண்டூர்வரை வருவதில்லை. நம் ஊர் மலையில் சமண முனிவர்களுக்காகப் பாறையிலேயே படுக்கை வெட்டியிருக்கிறார்கள். அங்குள்ள தமிழ் பிராமிக் கல்வெட்டு ஏறத்தாழ 1,700 ஆண்டுகள் பழையது. ஊர் ஊராய் நடந்து அறம் சொன்னவர்கள் உடம்பைச் சாய்க்க ஓர் இடம் வேண்டுமே என்று அன்றைக்கே யாருக்கோ தோன்றியிருக்கிறது.

நான் முதலில் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் அது யாருக்கும் தோன்றவில்லை. நைட் டூட்டியில் விடியற்காலை மூன்று மணிக்கு, குளுக்கோஸ் பாட்டில் அடுக்கிய அறையில் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு, அதன்மேல் வார்டு போர்வையை விரித்துக் காலை நீட்டுவோம். ஒருத்தி படுத்தால் இன்னொருத்தி இரண்டு பேர் வேலையையும் பார்க்க வேண்டும். அப்படி ஒரு விடியலில் கண் சொருக, போட்டு முடித்த ஊசிக்கு மூடி மாட்டப்போய் இடது கட்டைவிரலில் ஏற்றிக்கொண்டேன். நோயாளிக்கு மஞ்சள் காமாலை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கவனக்குறைவு என்று எழுதிவிடுவார்கள் என்ற பயம். சில மாதம் கழித்து, வெளியே சொந்தக் காசில் ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை என்று சீட்டு வரும்வரை என் கைக்குழந்தைக்கு முத்தம் கொடுக்கவில்லை.

அந்தப் பயம் உங்களுக்கு வேண்டாம். ஊசி குத்தினால் பிதுக்காதீர்கள், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், உடனே சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையையும் போட்டு முடியுங்கள். 2016ஆம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, கழிவைக் கையாளும் ஊழியர்களுக்குத் தடுப்பூசி போடுவதும், வேலையில் சேரும்போதும் பிறகு ஆண்டுக்கு ஒருமுறையேனும் உடல் பரிசோதனை செய்வதும் மருத்துவமனையின் கடமை. சேருகிற அன்றே கேளுங்கள். கேட்பதில் கூச்சம் எதற்கு?

கூட்டித் துடைக்கும் ஆயாம்மாவுக்கும் தடுப்பூசியும் பரிசோதனையும் உண்டா என்று சேர்த்துக் கேளுங்கள். வெள்ளை டப்பாவில் விழ வேண்டிய ஊசியை அவசரத்தில் மஞ்சள் பையில் போட்டால் அது குத்துவது அவர் கையில். எந்த நோயாளியுடைய ஊசி என்றுகூட அவரால் அறிய முடியாது.

மீண்டும் ஓய்விடத்துக்கு வருகிறேன். கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் 2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்லப்பட்ட பயிற்சி மருத்துவரை நினைக்காமல் இந்த மேடையில் என்னால் பேச முடியாது. நீண்ட பணிக்குப் பிறகு அந்தப் பெண் தலைசாய்க்கப் போன இடம் ஒரு கருத்தரங்கக் கூடம். அதன்பின் உச்ச நீதிமன்றம் தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் தனி ஓய்வறை என்பதும் அந்தக் குழுவை ஆராயச் சொன்னவற்றில் ஒன்று. ஓய்வறையைக் கேட்பதற்கே ஓர் உயிர் போக வேண்டியிருந்தது என்பதை என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பிள்ளைகளே, இன்னும் பத்துப் பதினைந்து வருடத்தில் உங்களில் சிலர் வார்டு பொறுப்பாளர் ஆவீர்கள். டூட்டி பட்டியல் போடும் பேனா உங்கள் கைக்கு வரும். தொடர்ச்சியாக இரவுப் பணி போட்டு ஒருவரை வாட்டாதீர்கள். உள்பக்கம் தாழ்ப்பாள் போடும் ஓர் அறையும் அதில் ஒரு கட்டிலும் கேட்டு வாங்குங்கள். அதன் சாவியில் ஒன்றை ஆயாம்மாவிடமும் கொடுங்கள்.